கம்பியின் கடைசி ஊர்

அமிர்தகழியை நாடு அறிந்தது மாமாங்கேஸ்வரர் கோயிலால். ஆடி அமாவாசையன்று மாமாங்கத் தீர்த்தத்தில் நீராட மட்டக்களப்பின் எல்லாப் பக்கத்திலிருந்தும் சனம் வந்து சேரும். அந்த நாளில் கிழக்கின் நடுவிடமே அதுதான். மின்சார வலையமைப்பின் வரைபடத்தை விரித்தால் இந்த ஊரின் இடம் மாறிவிடுகிறது. நகருக்கு வடக்கே வாவிக்கும் கடலுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் மட்டிக்கழி, அமிர்தகழி, பாலமீன்மடு ஆகிய ஊர்கள், மலைநாட்டில் புறப்பட்ட மின்சாரம் கடைசியாக வந்து தொடும் இடங்களில் சேரும். அதற்கு அப்பால் முகத்துவாரமும் கடலும்தான். கம்பியின் கடைசியில் இருப்பது ஒரு பிரதேசத்தின் வாழ்வில் என்ன செய்தது என்பதே இங்கே கேள்வி. என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மின்வலுவை நூறு மைல் தொலைவிலிருந்தும் கொண்டுவரலாம், மின்னழுத்தத்தை அப்படிக் கொண்டுவர முடியாது, பாவிக்கும் இடத்துக்கு அருகிலேயே அதைத் தாங்கிப்பிடிக்க வேண்டும். இலங்கை முதலாவது வேலையை நன்றாகவே செய்தது. இரண்டாவது வேலை கிழக்கைச் சேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

இந்த வேறுபாடு எளிமையானதுதான், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. ஆடலோட்ட வலையமைப்பில் அதிர்வெண் நாடு முழுவதற்கும் ஒன்று. கொழும்பில் 50 ஹேர்ட்ஸ் என்றால் அமிர்தகழியிலும் 50 ஹேர்ட்ஸ். தேவைக்கும் உற்பத்திக்கும் இடையிலான சமநிலையை அது காட்டுகிறது. மலைநாட்டின் லக்சபான மின்நிலையத்தில் ஒரு எந்திரத்தின் உற்பத்தியைக் கூட்டினால் அதன் பலன் எல்லா மூலைக்கும் போகும். மின்னழுத்தத்தின் சங்கதி வேறு. ஒவ்வொரு உபமின்நிலையத்திலும், ஒவ்வொரு கம்பத்திலும் அது வேறு வேறாக நிற்கும். மோட்டரும் ட்ரான்ஸ்போமரும் தம் காந்தப்புலத்தை உண்டாக்க ஒரு மின்னோட்டத்தை வாங்கித் திருப்பிக் கொடுத்தபடியே இருக்கின்றன. அது வேலை எதுவும் செய்வதில்லை, மீற்றரிலும் யூனிற்றாக ஏறுவதில்லை; ஆனால் கம்பியில் இடம் பிடித்துக்கொண்டு போய்வருகிறது. பொறியியலாளர்கள் இதை ரியாக்டிவ் வலு என்பார்கள். இதை நெடுந்தூரம் அனுப்பினால் வழியிலேயே கம்பி தின்றுவிடும், கூடவே அழுத்தத்தையும் இறக்கிவிடும். ஆகவே கடைசி ஊரின் அழுத்தம் விழாமல் இருக்க வேண்டுமானால், இந்த வலுவைக் கடைசி ஊரிலேயே கொடுக்க வேண்டும்: அங்கே ஒரு மின்பிறப்பாக்கி ஓட வேண்டும், அல்லது கொள்ளளவிகள் இருக்க வேண்டும், குறைந்தது சுமையோடு சேர்ந்து தன் சுற்றுகளை மாற்றிக்கொள்ளும் ட்ரான்ஸ்போமராவது வேண்டும். இவற்றில் எதுவும் புதிய கண்டுபிடிப்பில்லை. ஜேர்மனியில் 1891இல் லௌஃபன் நீர்மின் நிலையத்திலிருந்து ஃபிராங்பேர்ட்டுக்கு 175 கிலோமீற்றர் தூரம் மின்சாரம் போன நாளிலிருந்து உலகம் இந்தச் சிக்கலோடு வாழ்கிறது. சுமையை நிறுத்தாமலே சுற்றுகளை மாற்றும் கருவிக்குப் பொறியியலாளர் பேர்ன்ஹார்ட் யான்சன் வழி கண்டது 1920களின் பிற்பகுதியில். இலங்கையில் பெரிய நீர்மின் திட்டம் தொடங்கியபோது இந்த அறிவெல்லாம் பாடப்புத்தகத்தில் இருந்தது.

பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் வைத்த கட்டுரை, மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளால் நாடு முழுவதற்கும் மின்சாரம் தரமுடியும் என்று கணக்கோடு காட்டியது. ஆட்சியாளர் அதை முப்பது ஆண்டுகள் இழுத்தடித்தார்கள். லக்சபான மின்நிலையத்தின் முதற்கட்டம் 25 மெகாவாற் திறனோடு 1950இல் இயங்கத் தொடங்கியபோது, அங்கிருந்து புறப்பட்ட 66 கிலோவோல்ற் கம்பிகளின் முதன்மை இலக்கு கொழும்பு. சுமை அங்கேதான் இருந்தது, தொழிற்சாலைகளும் துறைமுகமும் அங்கேதான் இருந்தன. அதே காலத்தில் கிழக்கில் வேறொரு தொடக்கம் நடந்தது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது. பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்து சேனநாயக்க சமுத்திரம் உருவானது. அணையின் அடியில் எழுந்த மின்நிலையத்தின் திறன், எந்திரங்கள் எல்லாம் சேர்ந்து, சுமார் 11 மெகாவாற். அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது 1961இல்தான். அதற்கு முன் அந்த இடமெல்லாம் மட்டக்களப்பு மாவட்டம். ஆகவே கிழக்குக்கு மின்சாரம் முழுக்க முழுக்க வெளியிலிருந்து வந்த தானம் என்று சொல்லுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. மட்டக்களப்பு மாவட்டத்தின் ஆறு, மட்டக்களப்பு மாவட்டத்தின் எல்லைக்குள் சுழற்றிய எந்திரம் அது.

ஆனால் அந்த எந்திரத்துக்கு ஒரு பெரிய கட்டுப்பாடு இருந்தது, இன்றும் இருக்கிறது. இங்கினியாகலை நீர்ப்பாசனத்துக்குக் கட்டிய அணை. வயலுக்குத் தண்ணீர் திறக்கும்போதுதான் எந்திரம் சுழலும்; வாய்க்காலை மூடினால் மின்சாரமும் குறையும். பெரும்போகமும் சிறுபோகமும் வகுத்த நாட்காட்டியின்படி ஓடும் ஒரு மின்நிலையம், மாலை ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் விளக்கு ஏறும் வேளையில் அழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்கும் காவலாக இருக்க முடியாது. தேசிய வலையமைப்போடு இணைந்தபின், வயலுக்குத் தண்ணீர் வேண்டாத மாதங்களில் கிழக்கின் பாரம் மலைநாட்டுக் கம்பிகளின் மேல் விழுந்தது. மின்சாரம் எந்தத் திசையில் ஓடும் என்பதையே விவசாயப் பருவம் தீர்மானித்தது. ஒரு கம்பியில் ஓட்டம் திசை மாறும்போது அதன் இரு முனைகளின் அழுத்தமும் ஏறி இறங்கும். ஒரு பருவத்துக்குச் சரியாக வைத்த ட்ரான்ஸ்போமரின் நிலை அடுத்த பருவத்துக்குப் பிழையாகிவிடும்.

கல்லோயாவின் இன்னொரு வரலாறு இங்கே பேச வேண்டியது. இடதுகரை வாய்க்காலின் தலைப்பில் குடியேறியவர்கள் வேண்டிய அளவு தண்ணீர் எடுக்க, கடைசியில் வயல் செய்தவர்களுக்கு, அவர்களில் பலர் தமிழ் விவசாயிகள், பல போகங்களில் தண்ணீரே போய்ச் சேரவில்லை. 1981இல் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து அங்கே விவசாயிகளின் குழுக்களை அமைத்தன. தலைப்பில் இருந்தவர்கள் முறை வைத்துத் தண்ணீரை விட்டுக்கொடுத்தார்கள், கடைசி வயலும் நனைந்தது. கோர்னெலின் நோர்மன் அப்ஹொஃப் இதைப் பற்றி எழுதிய புத்தகம் உலகின் நீர்ப்பாசன அறிஞர்கள் படிக்கும் ஒன்று. ஒரே அணை, ஒரே ஆறு. தண்ணீரிலும் மின்சாரத்திலும் கடைசியில் இருந்தவர்களே குறைவை அனுபவித்தார்கள். ஆயினும் இந்த ஒப்புமையை இறுதிவரை இழுத்துக்கொண்டு போனால் முக்கியமான ஒன்று தப்பிவிடும். வாய்க்காலின் கடைசியில் இருப்பவர் தண்ணீரை உண்டாக்க முடியாது. மேலே உள்ளவர் விட்டால்தான் உண்டு. கம்பியின் கடைசியில் மின்னழுத்தத்தை உண்டாக்க முடியும். மேலே இருக்கும் எவரிடமிருந்தும் ஒரு யூனிற்றைக்கூடப் பறிக்காமல், ஒரு கொள்ளளவித் தொகுதியை அங்கே வைத்தாலே அது பெருமளவு நடக்கும். மின்சாரத்தில் கடைசி ஊரின் குறைவு, பகிர்வுச் சண்டையில் தோற்றதால் வந்த குறைவில்லை என்பதற்காகவே அதைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

எவ்வளவு நடக்கும் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். பல தசாப்தங்களாக மட்டக்களப்பு நகருக்கு அருகே உயர் அழுத்த உபமின்நிலையம் எதுவும் இல்லை. அம்பாறைப் பக்கமிருந்தும் வாழைச்சேனைப் பக்கமிருந்தும் 33 கிலோவோல்ற் கம்பிகளே நீண்டு வந்தன. எழுபது கிலோமீற்றர் நீளமான, நடுத்தரத் தடிப்புள்ள அப்படியொரு கம்பியை எடுத்துக்கொள்வோம். அதன் கடைசியில் 5 மெகாவாற் சுமை, பெரும்பாலும் மோட்டர்களும் விளக்குகளும் கலந்தது, வலுக்காரணி (மொத்த வலுவில் வேலை செய்யும் வலுவின் பங்கு) 0.85. கம்பியில் ஓடுவது நூறு அம்பியருக்குச் சற்று மேல். வழியில் விழும் அழுத்தம் ஏறக்குறைய 6,000 வோல்ற். 33,000இல் அது 18 சதவீதம். அதே கம்பி, அதே 5 மெகாவாற். மோட்டர்கள் கேட்கும் ரியாக்டிவ் வலுவை மட்டும், சுமார் 3 மெகாவார் (ரியாக்டிவ் வலுவின் அலகு), அந்த ஊரிலேயே கொள்ளளவிகளால் கொடுத்தால் வீழ்ச்சி 4,000 வோல்ற்றுக்குக் கீழே வந்துவிடுகிறது. புதிய மின்நிலையம் வேண்டாம், புதிய கம்பி வேண்டாம். வீழ்ச்சியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மறைகிறது. கம்பியில் சூடாகி வீணாகும் வலுவும் கால்வாசிக்கு மேல் குறைகிறது. வீட்டுக்கு வரும் 230 வோல்ற், ஆறு சதவீதம் கூடலாம் அல்லது குறையலாம் என்பது இலங்கையின் விதி. 18 சதவீத வீழ்ச்சிக்குப் பிறகு அந்த விதியைக் காப்பாற்றுவது நகரத்து ட்ரான்ஸ்போமரால் ஆகாது.

இதற்கு மின்பொறியியலாளர்கள் நேர்மையாகச் சொல்லும் ஒரு மறுப்பு உண்டு. கிழக்கில் சுமையே குறைவு. சுமை குறைந்த இடத்துக்கு 132 கிலோவோல்ற் கோபுரமும் உபமின்நிலையமும் கட்டுவது நாட்டின் காசை வீணாக்குவது. குறைந்த செலவில் கூடிய பேருக்கு வெளிச்சம் தருவதே அறிவு என்பார்கள். இந்த வாதத்தை இலேசாகத் தள்ள முடியாது. வறிய நாடு ஒன்றின் பொதுப்பணத்தை எங்கே போடுவது என்பதற்கு வரிசை வேண்டும், அந்த வரிசையைச் சுமையின் அளவை வைத்துப் போட்டவர்கள் கெட்ட எண்ணத்தோடு போடவில்லை. ஆனால் சுமையை அவர்கள் அளந்த விதத்தில் பிழை இருந்தது. தாழ்ந்த அழுத்தம் சுமையை மறைத்துவிடும். தூண்டல் மோட்டர் ஒன்றின் முறுக்குவிசை அழுத்தத்தின் வர்க்கத்தோடு குறைகிறது: அழுத்தம் எண்பது சதவீதமானால் விசை அறுபத்துநான்கு சதவீதம். நெல் ஆலையின் மோட்டர் அந்த விசையில் கிளம்பாது. கிளம்பினாலும் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சுருளை எரித்துக்கொள்ளும். ஐஸ் தொழிற்சாலையின் கம்பிரசருக்கும் இதே கதி. குண்டுபல்புகளின் காலத்தில் அழுத்தம் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் குறைந்தது. இந்த நிலையில் ஆலைக்காரர் டீசல் எந்திரத்துக்குப் போவார், அல்லது அந்தத் தொழிலையே தொடங்கமாட்டார். பிறகு மின்சார சபையின் ஏட்டில் கிழக்கின் தேவை சிறியதாகப் பதியும். சிறிய தேவைக்குப் பெரிய முதலீடு நியாயமில்லை என்று அடுத்த திட்டம் சொல்லும். மீன் நிறைந்த வாவியும் அதற்கு மேற்கே நெல் விளையும் படுவான்கரையும் உள்ள ஒரு பிரதேசத்தில் தொழிற்சுமை குறைவாக இருந்ததற்கு அழுத்தக் குறைவு ஒரே காரணம் என்று நான் சொல்லவில்லை. அதை ஒரு காரணமாகக் கணக்கில் எடுக்காத திட்டம், தானே உண்டாக்கிய வறுமையைச் சான்றாகக் காட்டியது என்பதைத்தான் சொல்கிறேன்.

இரண்டாவது மறுப்பு இயற்கையையும் போரையும் காட்டும். 1978 நவம்பர் 23இல் வந்த சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப் போட்டது; தென்னந்தோட்டங்களோடு 130 மைல் அளவுக்கு மின்கம்பிகளும் சிதைந்தன. 2004 டிசம்பரில் சுனாமி கல்லடியின் கரையோரத்தை வழித்துக்கொண்டு போனது. இரண்டுக்கும் இடையிலும் பின்னும் போர். வாவிக்கு மேற்கே படுவான்கரையின் பெரும்பகுதி 2007 வரை விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. நகரோ வாவிக்கு இப்பால் அரச படையின் கையில். தரைவழியாக மேற்கிலிருந்து வரும் எந்தக் கம்பியும் போர்முனையைக் கடந்தே வரவேண்டும். அறுந்த கம்பியைக் கட்டப் போவதற்கே இரு தரப்பின் அனுமதி வேண்டிய காலத்தில் அழுத்தத்தைப் பற்றி யார் யோசிப்பார்? இதில் உள்ள உண்மையை மறுக்க முடியாது. படுவான்கரையின் பல கிராமங்கள் தங்கள் முதல் மின்குமிழைக் கண்டதே போர் விலகிய பின்தான். ஆனாலும் வலையமைப்பின் உருவம் போருக்கு முன்னரே வரையப்பட்டுவிட்டது. மகாவலி திட்டத்தின் கீழ் 1980களில் விக்டோரியா, கொத்மலை மின்நிலையங்கள் எழுந்தபோது அங்கிருந்து 220 கிலோவோல்ற் கம்பிகள் மேற்கே பியகமைக்கு இறங்கின. கிழக்கு அப்போதும் மெல்லிய கம்பியின் முனையில்தான் இருந்தது. நீண்ட, மெல்லிய ஓரிரு கம்பிகளில் தொங்கும் நகரத்தைப் போர் எளிதில் இருளாக்கும். உறுதியான பல வழிகளில் இணைந்த நகரத்தை அவ்வளவு எளிதில் இருளாக்க முடியாது. கடலோரத்தின் உப்புக்காற்றும் இங்கே தன் பங்கைச் செய்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பீங்கான் காப்பிகளில் உப்புப் படிந்து, மார்கழிப் பனியில் நனைந்து, மின்சாரம் கசியும். அவற்றைக் கழுவியபடியே இருக்க வேண்டும். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் கம்பி பராமரிப்பது மலைநாட்டில் பராமரிப்பதைவிடக் கடினமான வேலை.

போருக்குப் பின் நிலை உண்மையாகவே மாறியது. வாவிக்கு மேற்கே, வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் வரும் வவுணதீவில், 132 கிலோவோல்ற்றை 33 ஆக இறக்கும் உபமின்நிலையம் அமைந்தது. இதன் பெறுமதியை ஒரு கணக்கில் புரிந்துகொள்ளலாம்: அழுத்தத்தை நான்கு மடங்காக்கினால் அதே வலுவுக்கு மின்னோட்டம் கால்வாசியாகும், அதே கம்பியில் வீணாகும் வலு பதினாறில் ஒரு பங்காகும். சுமை மாற மாறத் தானே சுற்றுகளை மாற்றிக்கொள்ளும் ட்ரான்ஸ்போமர் நகரிலிருந்து ஒரு மணிநேரத் தூரத்தில் இருந்தது போய், சில கிலோமீற்றர் தூரத்துக்கு வந்தது. அத்துடன் ஒரு புதிய தொல்லையும் சேர்ந்து வந்தது. உயர் அழுத்தக் கம்பியே ஒரு கொள்ளளவி போல நடந்துகொள்ளும். நூறு கிலோமீற்றர் நீளமான 132 கிலோவோல்ற் கம்பி ஏறக்குறைய 5 மெகாவார் ரியாக்டிவ் வலுவைத் தானே உண்டாக்கும். ஊர் தூங்கும் நடுச்சாமத்தில் அதை வாங்க ஆளில்லாமல், கடைசி முனையின் அழுத்தம் தொடக்க முனையைவிடக் கூடிவிடும். லண்டனில் டெப்ட்ஃபோர்ட் மின்நிலையத்தின் 10,000 வோல்ற் கேபிளில் 1890ஆம் ஆண்டளவில் கண்ட இந்த விசித்திரம் இன்றும் அதை அமைத்த ஃபெராண்டியின் பெயரால் வழங்குகிறது. ஹபரணையிலிருந்து வாழைச்சேனைக்கு வரும் 132 கிலோவோல்ற் கம்பியும் அந்த விதிக்கு உட்பட்டதே. மாலையில் தாழ்வு, நடுச்சாமத்தில் உயர்வு: இரண்டையும் ஒரே நாளில் சமாளிக்க வேண்டிய இடமாகக் கிழக்கு மாறியது.

இப்போது மூன்றாவது வேளை ஒன்றும் சேர்ந்துவிட்டது, அது நண்பகல். கூரைகளில் சூரியப் படலங்கள் பெருகியபின் கடைசி ஊரே பகலில் மின்சாரத்தை மேலே அனுப்புகிறது. கம்பியில் ஓட்டம் திரும்பும்போது கடைசி முனையின் அழுத்தம் ஏறும். அமிர்தகழி போன்ற ஊரின் தெருமுனை ட்ரான்ஸ்போமரைப் பாருங்கள்: அதில் ஐந்து நிலைகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் இடையில் இரண்டரை சதவீதம், ஆனால் மின்சாரத்தை நிறுத்தித்தான் நிலையை மாற்ற முடியும். பல ஆண்டுகளுக்கு முன் மாலைத் தாழ்வைச் சமாளிக்க உயர்த்தி வைத்த நிலை, நண்பகலில் வீடுகளின் இன்வேட்டர்களை மிகை அழுத்தம் என்று சொல்லி அணையவைக்கிறது. பகலுக்காகக் குறைத்து வைத்தால் மாலையில் விளக்கு மங்கும். 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்றால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளாக்கியபோது, ஞாயிற்றுக்கிழமையின் குறைந்த தேவையும் சூரிய மின்சாரத்தின் பெரும் பங்கும் காரணமாகச் சொல்லப்பட்டன. அடுத்த சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைப் படலங்களைப் பிற்பகல் 3 மணி வரை நிறுத்தும்படி மின்சார சபை வேண்டிக்கொண்டது. அன்றைய இருளின் வேர் அதிர்வெண்ணில், அதாவது சுழலும் எந்திரங்களின் உறுதி குறைந்ததில் இருந்தது. அதை நாடு முழுவதற்கும் பொதுவாகத் தீர்க்கலாம். கடைசி ஊரின் மிகை அழுத்தத்தை அப்படித் தீர்க்க முடியாது. இரண்டையும் ஒன்றாக்கி, எல்லாப் பழியையும் கூரைப் படலங்களின் தலையில் கட்டுவது பிழை.

வீட்டுக்கு வீடு ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தால் போகிறது, பொதுச்செலவு எதற்கு என்றும் சிலர் கேட்பார்கள். தாழ்ந்த அழுத்தத்தில் ஸ்டெபிலைசர் தன் வீட்டுக்கு 230 வோல்ற் கொடுக்கிறது என்றால், அதே வலுவுக்காகக் கம்பியிலிருந்து கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது. அந்த மின்னோட்டம் கம்பியில் இன்னும் அழுத்தத்தை இறக்கி, அடுத்த வீட்டின் விளக்கை மேலும் மங்கவைக்கிறது. ஸ்டெபிலைசர் வாங்க இயலாதவர் வீட்டில்தான் கடைசி வோல்ற்றும் போகிறது. எல்லாரும் வாங்கினாலோ முழுக் கம்பியும் சரிவை நோக்கிப் போகும்.

தீர்வுக்கு வேண்டிய பொருட்களில் பெரும்பகுதி ஏற்கெனவே ஊரில் இருக்கின்றன. இன்றைய சூரிய இன்வேட்டர்களால் நண்பகலில் ரியாக்டிவ் வலுவை உள்வாங்கி அழுத்தத்தை இறக்க முடியும், மாலையில் அதை வெளியே கொடுத்து உயர்த்த முடியும். தகுந்த இன்வேட்டரானால் சூரியன் இல்லாத இரவிலும் அது முடியும். ஆனால் வீட்டுக்காரருக்குக் காசு கிடைப்பது யூனிற்றுக்கு மட்டுமே. தன் கருவியின் ஒரு பகுதியை ஊரின் அழுத்தத்துக்காக ஒதுக்குபவர் அந்த அளவுக்கு யூனிற்றை இழக்கிறார், அதற்கு ஈடு எதுவும் கிடைப்பதில்லை. 1969 நவம்பரில் பிறந்த மின்சார சபை உற்பத்தி, கடத்தல், விநியோகம் மூன்றையும் பெரும்பாலும் ஒரே கையில் வைத்திருந்தது. அழுத்தம் விழுந்தால் கேட்பதற்கு ஒரு வாசலாவது இருந்தது. 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தமும் அந்தக் கையைப் பல கம்பனிகளாகப் பிரிக்கின்றன. கடத்துபவர் வவுணதீவு வரை தன் அழுத்தம் சரி என்பார்; விநியோகிப்பவர் மேலிருந்து வருவது சரியில்லை என்பார். ஆகவே அவர்களுக்கு இடையிலான ஒப்பந்தங்களில் யூனிற்றின் விலைக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று எழுதப்பட வேண்டும்: ஒவ்வொரு உபமின்நிலைய எல்லையிலும் எத்தனை மெகாவார் யார் கொடுப்பது, கடைசி ட்ரான்ஸ்போமரின் அழுத்தத்தை யார் அளந்து பகிரங்கப்படுத்துவது, ஆறு சதவீத எல்லையைத் தாண்டிய ஒவ்வொரு மணிநேரத்துக்கும் யார் ஈடு கொடுப்பது. வலுவுக்கான கணக்கு 1950இலிருந்தே எழுதப்பட்டு வருகிறது. அமிர்தகழியின் மாலை ஏழு மணி அழுத்தத்துக்கு இன்னும் ஒரு கணக்கேடு திறக்கப்பட வேண்டியிருக்கிறது.